பெட்டி மூடும் ஞாயிறு

இயேசு மரி சூசை துணை

மடம், பெந்தோங்
24 அக்டோபர் 2021

என் அன்பு அம்மாவுக்கும் தம்பி செபாவுக்கும்,

இங்கே நான் சுகம். அங்கே நீங்கள் எல்லாரும் காய்ந்த தரையில் கால் வைத்து நடக்க வேண்டும் என்பதே இப்போது என் தினசரி ஜெபம்.

அம்மா, உங்கள் சார்பில் செபா எழுதிய கடிதம் கிடைத்தது. போன மாதம் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்ததையும், நீங்கள் கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்து ஜெபமாலை சொன்னதையும் படித்தேன். “கப்பல் கேப்டன் மாதிரி உட்கார்ந்திருந்தாங்க” என்று எழுதியிருக்கிறான். சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன்.

கிள்ளானை விட்டு ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் தன் ஃபிளாட்டுக்கு வரச் சொல்கிறான், போகட்டுமா இருக்கட்டுமா என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அம்மா, மனசு இல்லாத இடத்துக்கு யாருக்காகவும் போகாதீர்கள். அப்பா முப்பது வருடம் ரயிலுக்குக் கொடி காட்டி, குவார்ட்டர்ஸிலிருந்து நம்மைக் கொண்டுவந்து குடிவைத்த வீடு அது. அந்த வீட்டை விட்டு அசையாதீர்கள். இங்கே பதினேழு பேர் உங்களுக்காக ஜெபிக்கிறோம். மாதா பார்த்துக்கொள்வார்.

வழக்கம்போல் படம் ஒன்று வைத்திருக்கிறேன். இந்த முறை புனித கிறிஸ்டோபர், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடப்பவர். தலையணைக்கு அடியில் வையுங்கள்.

செபா, உனக்கு: வேலை வேலை என்று ஞாயிறு பூசையை விட்டுவிடாதே. உன் பிள்ளை கேவினை மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்பு. மடத்துச் செய்தி ஒன்று. போன வருடம் கோவிட் என்று மதர் சட்டத்தைத் தளர்த்தியிருந்தார். இந்த வருடம் பழையபடிதான். திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு, நவம்பர் 28 தொடங்கி கிறிஸ்மஸ் வரை நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, வாங்குவதும் இல்லை. வருகிறவை மதர் அறையில் ஒரு பெட்டியில் சேரும். கிறிஸ்மஸ் காலையில்தான் கைக்கு வரும். ஏதும் அவசரம் என்றால் வாசலில் மணி இருக்கிறது. எந்த நேரமும் அடிக்கலாம்.

உங்கள் அன்பு மகள்,
சிஸ்டர் மரிய அமலா


ஸ்ரீ கெம்பாங்கான்
26 நவம்பர் 2021, வெள்ளி

கேத்தரின் அக்கா,

மடத்தில் உனக்கு வேறு பெயர் என்று தெரியும். இருபத்திரண்டு வருடமாக எனக்கு அது வாயில் வரவில்லை, விட்டுவிடு.

உன் கடிதத்தை வழக்கம்போல் அம்மாவின் கட்டில் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உரக்கப் படித்தேன். பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி அனுப்புகிறவன் நான். பெற்றவளின் கண்ணுக்கு மட்டும் ஒரு கண்ணாடியும் உதவவில்லை. ஆள் நிற்பது தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. ஆகவே நீ எழுதுவது என் குரலில்தான் அம்மாவுக்குப் போய்ச் சேர்கிறது. கடைசிப் பக்கத்தில் எனக்கு என்று நீ எழுதும் ஞானோபதேசத்தை மட்டும் நான் படிப்பதில்லை, அப்படியே மடித்து அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். கோபப்படாதே. சம்சாரிக்கு அவ்வளவு புண்ணியம் தாங்காது.

விஷயத்துக்கு வருகிறேன். “அந்த வீட்டை விட்டு அசையாதீர்கள்” என்று எழுதினாயே, அதை நீ எழுதியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து அம்மாவுக்கு அதுதான் வேதம். பால் கொண்டுவருகிறவனிடம்கூடச் சொல்கிறார்: “என் பிள்ளையே சொல்லிட்டா, நான் நகர மாட்டேன்.” கடவுளுக்குக் கொடுத்த பிள்ளை சொன்னால் கடவுளே சொன்ன மாதிரி. வாரா வாரம் அரிசியும் மருந்தும் சுமந்து வருகிற பிள்ளை சொன்னால் அது வானொலியில் ஓடுகிற விளம்பரம்.

உனக்கு அங்கே மலைமேல் தெரியாது. நம் வீட்டு வரிசை இப்போது சாலையைவிட ஒரு முழம் தாழ்வு. சாலையை மூன்று தடவை உயர்த்தினார்கள், வீட்டை யார் உயர்த்துவது? ஆற்றோரத்துப் பம்ப் இரண்டில் ஒன்று ஆறு மாதமாக ஓடவில்லை. எதிர்மாடி வீட்டு முகுந்தன் அண்ணன் வாரம் ஒருமுறை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். “இன்னும் தூங்குது லா தம்பி” என்கிறார். செப்டம்பரில் கணுக்கால். அடுத்தது முழங்காலா கழுத்தா என்று எனக்குத் தெரியாது. மாதாவுக்குத் தெரிந்திருக்கலாம், எனக்குச் சொல்லவில்லை.

அம்மா ஏன் நகர மறுக்கிறார் என்று உனக்குத் தெரியுமா? உன் கட்டில். இன்றும் சனிக்கிழமை தோறும் அதன் விரிப்பை மாற்றுகிறார். “அவ எப்பவாச்சும் திரும்பி வந்தா எங்க படுப்பா?” என்று கேட்கிறார். கன்னியர் மடத்திலிருந்து யாரம்மா திரும்பி வருவார்கள் என்றால், “உனக்கு என்ன தெரியும்” என்கிறார்.

உன்னிடம் ஒரே வரி கேட்கிறேன். “அம்மா, செபாவோடு போங்கள்.” எழுதி அனுப்பு. படமும் வை, படம் இல்லாமல் அவருக்கு அது கடிதமே இல்லை. டிசம்பர் மழைக்கு முன்னால் வர வேண்டும். நாளைக்கே இதை போஸ்ட் பண்ணுகிறேன்.

செபாஸ்டியன்


ஸ்ரீ கெம்பாங்கான்
13 டிசம்பர் 2021

அக்கா,

இது பெட்டிக்குள் போகிற கடிதம் என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

இரண்டு வாரம் காத்திருந்தேன். பதில் இல்லை. அக்காவுக்குத் தம்பி ஒரு பொருட்டில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் நேற்று ஒரு காரியம் செய்தேன். வெள்ளைத் தாளை எடுத்து, “என் அன்பு அம்மாவுக்கு” என்று உன் மாதிரியே ஆரம்பித்து, “செபாவோடு போங்கள், இது மாதாவின் விருப்பம்” என்று எழுதி, உறையில் போட்டு, கிள்ளானுக்குப் போய், அதே ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன். நன்றாகவே படித்தேன்.

அம்மா கடைசி வரை கேட்டார். பிறகு கையை நீட்டினார்.

“படம்?”

“இந்தத் தடவ வைக்கல போலம்மா.”

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். “செபா, முதல் ஞாயிறு முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. மடத்துலேருந்து இப்ப லெட்டர் வராது. உஷாராணி எனக்கு முழுசாப் படிச்சுக் காட்டிட்டா.”

பக்கத்து வீட்டு உஷாராணி உன் கடிதம் ஒவ்வொன்றையும் எனக்குப் பிறகு அம்மாவுக்கு இன்னொரு முறை படித்துக் காட்டுவாளாம். எனக்குத் தெரியாது. நான் விட்ட கடைசிப் பக்கத்தில் மடத்துச் சட்டம் இருந்ததும் தெரியாது, டிசம்பரில் உன் கடிதம் வராததை இத்தனை வருடம் கவனித்ததும் இல்லை. நவம்பர் 27 அன்று போஸ்ட் செய்திருக்கிறேன் பார், பெட்டி மூடுவதற்கு முதல் நாள்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. “இத்தன வருஷமா நீ படிச்சதுல எது அக்கா, எது நீ?” என்று கேட்டார். எல்லாம் அக்காதான் அம்மா, இது ஒன்றுதான் நான் என்றேன். தலையை ஆட்டினார். நம்பவில்லை.

“தூக்கிட்டு வந்துடுங்க” என்கிறாள் வீட்டில் ஸ்டெஃபனி. எழுபத்தாறு வயது மனுஷியை அரிசி மூட்டை மாதிரி எப்படித் தூக்கி லிஃப்டில் ஏற்றுவது? ஏற்றினாலும் உட்காருவாரா?

இன்று மடத்துக்குப் போன் செய்தேன். வாசல் சிஸ்டர் எடுத்தார். “அவசரமா? யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். “இல்லை சிஸ்டர், மழை” என்றேன். “இங்கேயும் மழைதான் தம்பி” என்றார். நல்ல மனுஷி. நானும் சரி சிஸ்டர் என்று வைத்துவிட்டேன்.

போனில் சொல்ல வராது எனக்கு. வரும் சனிக்கிழமை 18ஆம் தேதி லீவு போட்டிருக்கிறேன். நேரில் வந்து அந்த மணியை அடிக்கப் போகிறேன். உன் கையெழுத்தில் ஒரு வரி வாங்காமல் திரும்ப மாட்டேன்.

செபாஸ்டியன்


ஸ்ரீ கெம்பாங்கான்
23 டிசம்பர் 2021

அக்கா,

முதலில் ஒன்று. அம்மா உயிரோடு இருக்கிறார். என் வீட்டில், கேவினின் கட்டிலில் படுத்திருக்கிறார்.

சனிக்கிழமை காலை மழையிலேயே உன்னிடம் கிளம்பினேன். மழை எங்குதான் இல்லை என்று நினைத்தேன். காராக் சாலையில் பாதி வழி வந்ததும் மலை சரிந்து மண்ணும் மரமும் சாலையில். முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. லோரிகளுக்கு நடுவில் என் கார். மதியம் முகுந்தன் அண்ணன் போன்: “தம்பி, தண்ணி ஏறுது. ஆறு நிமிஷத்துக்கு ஒரு படி.” அதோடு என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. ஞாயிறு மத்தியானம்தான் என்னை விட்டார்கள்.

உன்னிடம் வராமல் அம்மாவிடம் போயிருந்தால் அரைமணி நேரத்தில் கிள்ளான். இதை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நீயும் ஒருமுறை நினைத்துப் பார்.

திங்கட்கிழமை மீன் பிடிக்கிற ஒரு மலாய்க்காரரின் படகில் நம் குடியிருப்புக்குள், தாமானுக்குள் போனேன். சாலை எது, வீடு எது என்று கூரையை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். நம் வீட்டில் ஜன்னலின் மேல் கம்பிதான் தெரிந்தது. அம்மா முகுந்தன் அண்ணன் வீட்டு மாடியில் இருந்தார். அந்த ஒரு அறையில் பத்தொன்பது பேர், இரண்டு நாள், ஒரு டின் பிஸ்கட். அண்ணன்தான் இடுப்பளவு தண்ணீரில் அம்மாவை முதுகில் சுமந்து சாலையைக் கடந்திருக்கிறார். அண்ணனுக்கும் அறுபத்தொன்று. “உங்கம்மா வழி முழுக்க என்னைத் திட்டிக்கிட்டே வந்தாங்க, என் மக போகாதேன்னு சொல்லியிருக்கா, இறக்கி விடுன்னு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மாடி ஜன்னல் வழியாக நம் வீடு மூழ்குவதை அம்மா உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கண்தான் தெரியாதே அம்மா என்றேன். “அது தெரிஞ்சுது” என்றார்.

நேற்று தண்ணீர் வடிந்ததும் வீட்டைத் திறந்தேன். சொல்லவே கூடாது, ஆனாலும் சொல்கிறேன். ஃபிரிட்ஜ் குப்புறக் கிடக்கிறது. சுவர் முழுக்கப் பழுப்புக் கோடு, என் தலைக்கு மேல். அப்பாவின் படத்தில் கண்ணாடி இருக்கிறது, அப்பா இல்லை. உன் கட்டில் பலகைக் கட்டில்தானே, ஊதி வெடித்துவிட்டது. உன் கடிதங்களை அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். திறந்தால் கஞ்சி. இருபத்திரண்டு வருடப் படங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. எல்லாவற்றையும் சாலையோரத்தில் குவித்திருக்கிறோம். எல்லா வீட்டு வாசலிலும் அதே குவியல். குப்பை லோரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

இதை நீ படிக்கும்போது கிறிஸ்மஸ். பண்டிகை வாழ்த்துகள்.

செபாஸ்டியன்


இயேசு மரி சூசை துணை

மடம்
25 டிசம்பர் 2021

என் அம்மா,

இன்று காலை பூசை முடிந்ததும் மதர் என் கையில் மூன்று உறைகளைக் கொடுத்தார். மூன்றையும் வரிசையாகப் பிரித்தேன். முதலாவதைப் படித்தபோது இன்றைக்கே பதில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். மூன்றாவதைப் படித்து முடிக்கும்வரை அப்படி ஒரு முட்டாளாக இருந்தேன்.

அம்மா, அக்டோபரில் நான் எழுதியது தப்பு. செபா சொன்னதுதான் சரி. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாதீர்கள். செபாவோடு இருங்கள். இதை எழுதுவது உங்கள் கேத்தரின்தான். மதரின் அனுமதியோடு, பிறப்பு விழா நாளில் எழுதுகிறேன்.

செபா, இதை ஒரு எழுத்து விடாமல் அம்மாவுக்குப் படி. உன்னைப் பற்றி இருப்பதையும் படி. நீ என் பெயரில் பொய் எழுதினாய். வருத்தம்தான். ஆனால் நீ எழுதிய பொய் சரி, நான் எழுதிய உண்மை தப்பு. இதற்கு எந்தச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

குடில் படம் வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்,
சிஸ்டர் மரிய அமலா


ஸ்ரீ கெம்பாங்கான்
4 ஜனவரி 2022

அக்கா,

கடிதம் 30ஆம் தேதி வந்தது. ஒரு எழுத்து விடாமல் படித்தேன். மாதாமேல் ஆணையாகப் படித்தேன்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் நானே படத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரலால் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தார். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

“படம் நல்லா இருக்குப்பா. எங்க வாங்குன?”

நான் எழுந்து போய்ப் பால்கனியில் நின்றேன். ஸ்டெஃபனி பக்கத்தில் உட்கார்ந்து, மாமி இது நிஜமான லெட்டர், ஸ்டாம்ப்பைத் தொட்டுப் பாருங்க என்று என்னென்னவோ சொன்னாள். கேவின்கூடச் சொன்னான். “வீடு முழுக்க ஒரே பேச்சாப் பேசி வச்சிருக்கீங்க” என்றார் அம்மா. “அவ தப்புப் பண்ணிட்டேன்னு எழுத மாட்டா. அவ வாயிலேருந்து அந்த வார்த்தை வந்ததே இல்ல.” அது உண்மைதானே அக்கா. சின்ன வயதிலிருந்தே வந்ததில்லை.

ஞாயிறன்று உஷாராணி குடும்பம் யாரோ தானம் கொடுத்த மெத்தைகளை வாங்க இந்தப் பக்கம் லோரியில் வந்தது. அம்மாவைப் பார்க்க மேலே வந்தார்கள். நாங்கள் பூசைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தால் அம்மா இல்லை. “என்னை வீட்டுல விட்டுடு உஷா, என் மக அங்கதான் எழுதுவா” என்றாராம். அவளால் மறுக்க முடியவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது அம்மா கிள்ளானில் இருக்கிறார். கரண்ட் இன்னும் இல்லை. நான்கு பெயிண்ட் டின்மேல் பலகை போட்டு, அதன்மேல் அந்த மெத்தை. சுவர் இன்னும் ஈரம் கசிகிறது. எவ்வளவு கழுவினாலும் மூலையிலிருந்து சேறு வருகிறது, எலியும் வருகிறது. நான் வேலை முடிந்து தினமும் போகிறேன். வா என்கிறேன். சிரிக்கிறார். உன் கட்டில் இருந்த இடத்தை மட்டும் தானே தடவித் தடவித் துடைத்து வைத்திருக்கிறார்.

எனக்கு ஒரு யோசனையும் இல்லை. உனக்கு உண்டா?

செபாஸ்டியன்


ஸ்ரீ கெம்பாங்கான்
17 ஜனவரி 2022

அக்கா,

வெள்ளிக்கிழமை வாசல் சிஸ்டரிடம் போனில் சொன்னதுதான். முழுதாகவும் எழுதிவிடுகிறேன், அது உனக்குச் சேர வேண்டியது.

ஒன்பதாம் தேதி அம்மாவுக்குக் காய்ச்சல். சேற்றில் நடந்து காலெல்லாம் வெடிப்பு, அதன் வழியாகக் கிருமி ஏறியிருக்கிறது. எலிக் காய்ச்சல் என்றார் டாக்டர். நம் தாமானிலிருந்து வந்தவர்கள் வார்டில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு அம்மாவுக்கு நினைவு போய்ப் போய் வந்தது. பொங்கலன்று மாலை போய்விட்டார். உஷாராணி சேறு பிடித்த வாசலிலும் பானை வைத்திருந்தாள். செய்தி கேட்டு இறக்கி வைத்துவிட்டாளாம்.

கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்பாய். “கிறிஸ்மஸ் முடிஞ்சிருச்சே, அக்கா லெட்டர் வரலியா?” என்று கேட்டார். வந்தது அம்மா, படித்தேனே என்றேன். “அது இல்லப்பா, அவ லெட்டர்” என்றார்.

சனிக்கிழமை அடக்கம். ஃபாதர் கேட்டார், சிஸ்டர் வருகிறார்களா, கொஞ்சம் தாமதிக்கலாமா என்று. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டதால் எடுத்துவிட்டோம். உங்கள் சட்டம் எனக்குத் தெரியும், வர முடியாது. உன்மேல் வருத்தம் இல்லை. மதர் விடவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

நீ கொடுத்த குடில் படத்தை அம்மாவின் கையில் வைத்து அனுப்பினேன். அப்போது எங்கே வாங்கினாய் என்று கேட்கவில்லை.

செபாஸ்டியன்


இயேசு மரி சூசை துணை

மடம்
23 ஜனவரி 2022

தம்பி,

உனக்குப் பொய் சொல்ல எனக்கு இனி உரிமை இல்லை.

மதர் விட்டார். வெள்ளிக்கிழமை மாலையே கூப்பிட்டு, “போய் வாருங்கள், வண்டி சொல்லியிருக்கிறேன்” என்றார். சனிக்கிழமை காலை நான் செருப்பு மாட்டிக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் போய்விட்டார்.

அம்மாவைப் பெட்டியில் பார்க்கப் பயம் என்று மதரிடம் சொன்னேன். அதுவும் முழு உண்மை இல்லை. இங்கே வரும்போது எல்லாவற்றையும் விட்டு வந்தேன் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். விடவில்லை. நீல நிறக் கதவும், ஜன்னல் பக்கத்துக் கட்டிலும், சனிக்கிழமை மாற்றுகிற விரிப்பும் அங்கே அப்படியே இருக்கின்றன என்ற தைரியத்தில்தான் இருபத்திரண்டு வருடம் இங்கே படுத்துத் தூங்கினேன். அம்மா அசைந்தால் அது போய்விடும். அதனால்தான் அசையாதீர்கள் என்று எழுதினேன். மாதாவின் பெயரையும் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். அம்மாவைக் காவலுக்கு வைத்தேன் செபா. எனக்காக.

அந்த வெறும் வீட்டை வந்து பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. நீயோ ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறாய், எனக்காகச் சாக்கும் சொல்லியிருக்கிறாய்.

திட்டி எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


மடம்
25 நவம்பர் 2022, வெள்ளி

செபா,

ஈஸ்டருக்கு எழுதியது திரும்பி வந்தது. அம்மாவின் பிறந்தநாளுக்கு எழுதியதும், ஆகஸ்டில் எழுதியதும் வந்தன. எதையும் நீ பிரிக்கவில்லை. உறையின்மேல் மூன்றிலும் உன் கையெழுத்து: “கேட்க ஆளில்லை.”

போன ஞாயிறு ஸ்டெஃபனி கேவினைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தாள். ஜூனிலிருந்தே நீ கிள்ளான் வீட்டில்தான் இருக்கிறாயாமே. கடைக்குப் போய்விட்டு நேரே அங்கே போய்விடுகிறாயாம். விற்றுவிடலாம் என்று போர்டு வைத்தார்கள், கேட்டு ஒரு ஆள் வரவில்லை, போர்டும் விழுந்துவிட்டது என்றாள். வரிசையில் பாதி வீடு காலி, உஷாராணியும் ஸ்கூடாய் பக்கம் போய்விட்டாள் என்றாள். பம்ப் இன்னும் தூங்குகிறது. இந்த மாதம் மட்டும் இரண்டு முறை தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. நீ ஒரு பலகைக் கட்டில் வாங்கி ஜன்னல் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறாய், அதில் நீ படுப்பதில்லை, தரையில்தான் படுக்கிறாய் என்றும் சொன்னாள். கேவின் பார்வையாளர் அறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். உன் ஜாடை.

வந்துவிடு என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் நீ ஒரே பதில்தான் சொல்கிறாயாம்: “எங்கக்கா அசையாதேன்னு எழுதியிருக்கா லா.” கிண்டலாகத்தான் ஆரம்பித்தார், இப்போது கிண்டல் மாதிரி இல்லை அத்தாச்சி என்றாள்.

நீ என்னைத் தண்டிக்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது. சரியான ஆளைத்தான் தண்டிக்கிறாய். ஆனால் தண்ணீர் ஏறும்போது அது கேவினின் அப்பாவின் கழுத்துக்குத்தான் வரும். முகுந்தன் அண்ணனால் இன்னொரு முறை யாரையும் சுமக்க முடியாது.

போன வருடம் நீ கேட்டது ஒரு வரி. நேரத்துக்குத் தர முடியவில்லை. இந்த வருடம் ஞாயிறுக்கு முன்னாலேயே எழுதுகிறேன். வாசல் சிஸ்டர் இன்றே தபாலில் சேர்ப்பார். செபா, வீட்டை விட்டு வெளியே வா. அந்தக் கட்டிலில் படுக்க யாரும் வரப்போவதில்லை. நான் வர மாட்டேன்.

இந்தமுறை படம் வைக்கவில்லை. வைத்தால் எங்கே வாங்கினாய் என்று கேட்பாய். இதே கடிதத்தின் ஒரு பிரதியை ஸ்டெஃபனிக்கும் அனுப்புகிறேன். நீ உறையைப் பிரிக்காவிட்டால் உன் வாசலில் நின்று அவளே உரக்கப் படிப்பாள். கடைசிப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பதில் எழுதாதே. ஞாயிறு முதல் பெட்டி மூடிவிடும். வாசலில் மணி இருக்கிறது. எந்த நேரமும் அடிக்கலாம்.

கேத்தரின்